அறுபத்து நான்கு கட்டங்களின் கூட்டுத்தொகை

இலக்கியமும் இலக்கணமும் பேசப்பெறும் இவ்வுரை வரிசையில் இம்முறை கணக்கைப் பேச நமக்கு இடம் தந்திருக்கிறார்கள். கணக்கு முழுவதையும் பேசப் போவதில்லை. ஒரே ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்கப் போகிறோம். அந்த எண் இது:

18,446,744,073,709,551,615.

இருபது இலக்கங்கள். இதை முதலில் தமிழில் படித்துவிடுவோம். நம் வட்டாரத்தில் மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து எழுதி, மில்லியன், பில்லியன் என்று படித்துப் பழகியிருக்கிறோம். இவ்வெண்ணைக் கண்டதும் பலரும் நின்றுவிடுவதற்கு அதுவே காரணம். பில்லியனுக்கு மேலே வாய் எழுவதில்லை. தமிழில் படிக்க 'கோடி' என்ற ஒரு சொல் போதும். வலப்புறத்திலிருந்து ஏழேழு இலக்கங்களாகப் பிரியுங்கள். முதல் ஏழு, எஞ்சிய எண். அடுத்த ஏழு, கோடி. அதற்கும் மேலே இருப்பது, கோடி கோடி. ஆகவே, ஓர் இலட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு இலட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து இலட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. கோடிக்கு மேற்பட்ட பேரெண்களுக்குப் பழைய நூல்களில் தனிப்பெயர்கள் உண்டு. அவை நூலுக்கு நூல் மாறுகின்றன. மாணவர்க்கு அவற்றைச் சுமத்த வேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

இவ்வெண்ணின் பிறப்பு எல்லாருக்கும் தெரிந்த கதைதான். சதுரங்கம் கண்டுபிடித்தவனிடம் அரசன் பரிசு கேட்கச் சொல்கிறான். அவனோ முதற்கட்டத்திற்கு ஒரு மணி, இரண்டாம் கட்டத்திற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று கட்டத்திற்குக் கட்டம் இரட்டித்து, அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் தானியம் கேட்கிறான். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்லிக்கான் என்ற அரபு வரலாற்றாசிரியர் இக்கதையை எழுதி வைத்திருக்கிறார். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயிலில் பால்பாயசம் படைக்கப்படுவதற்கும் இதே கதையைக் காரணமாகச் சொல்வர். மேற்கே கோதுமை, நம் பக்கத்தில் அரிசி அல்லது நெல். தானியம் மாறினாலும் தொகை மாறவில்லை. இப்னு கல்லிக்கானுக்கு முன்பே, ஏறத்தாழ கி.பி. 1000-இல், அறிஞர் அல்-பிரூனி இத்தொகையைக் கடைசி இலக்கம் வரை பிழையின்றிக் கணக்கிட்டுவிட்டார்.

வகுப்பறையில் இக்கதையைச் சொல்லாத ஆசிரியர் இல்லை. சொல்லி முடித்ததும் மாணவர்கள் 'அப்பாடா, எவ்வளவு பெரிது!' என்று வியக்கிறார்கள். பாடமும் அத்தோடு முடிகிறது. நமக்குள்ள குறை அங்கேதான். பெரிய எண் வேண்டுமானால் யாரும் எழுதலாம். ஒன்பதுகளை வரிசையாக எழுதிக்கொண்டே போனால் போதும். பெருமை இவ்வெண்ணின் சிறப்பு அன்று. இருபது இலக்க எண் ஒன்றைக் கணினியின் துணையின்றி, தாளும் எழுதுகோலும் கொண்டே உள்ளே நுழைந்து பார்க்கலாம் என்பதே இதன் சிறப்பு. அரசனைத் திகைக்க வைத்ததோடு நாமும் நின்றுவிட்டால் மாணவர்கள் இழப்பது அதைத்தான்.

முதலில், கூட்டுவது எப்படி? அறுபத்து நான்கு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்ட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டாரிடம் ஒரே ஒரு மணியைக் கைமாற்றாக வாங்கி வாருங்கள். முதற்கட்டத்தில் இருப்பது ஒன்று. கையிலிருப்பதோடு சேர்த்தால் இரண்டு. இரண்டாம் கட்டத்தில் இருப்பதும் இரண்டு, சேர்த்தால் நான்கு. மூன்றாம் கட்டத்தில் நான்கு, சேர்த்தால் எட்டு. எந்தக் கட்டத்திற்கு வந்தாலும், அங்கே இருப்பதும் நம் கையில் இருப்பதும் சமம். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் கையிருப்பு இரட்டிக்கிறது. அறுபத்து நான்காம் கட்டத்தையும் கடந்தபின் நம்மிடம் இருப்பது 2⁶⁴. இரவல் மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் 2⁶⁴ − 1. வாய்பாடு எதுவும் எழுதாமலே மெய்ப்பிப்பு முடிந்துவிட்டது. தொடக்கப்பள்ளி மாணவரும் இதைப் பின்தொடர்வர்.

இரட்டிக்கும் கணக்கு தமிழர்க்குப் புதிதன்று. நம் பழைய முகத்தலளவையைப் பாருங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. பெருக்கிப் பார்த்தால் ஒரு தூணி என்பது 256 ஆழாக்கு, அதாவது 2⁸. சதுரங்கப் பலகையில் மணிக்குப் பதில் ஆழாக்கு ஆழாக்காக அளந்து வைத்தால், முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களுக்கும் சேர்த்து 255 ஆழாக்கு. தூணிக்கு ஓர் ஆழாக்குக் குறைவு. அடுத்த அளவையாகிய கலத்துக்கு மூன்று தூணி. அங்கே இரட்டித்தல் முறிந்து மூன்று நுழைந்துவிடுகிறது. ஏன் முறிந்தது என்று மாணவர்களைச் சிந்திக்கச் சொல்லலாம். பன்னிரண்டு குறுணி ஒரு கலமாக அமையும்போது அதை மூன்றாகவும் நான்காகவும் ஆறாகவும் பங்கிட முடியும் என்பது அவர்களுக்கே புலப்படும்.

யாப்பிலும் இதே கணக்கு உண்டு. அசை இரண்டு வகை: நேர், நிரை. ஓரசைச் சீர் இரண்டு. ஈரசைச் சீர் நான்கு. மூவசைச் சீர் எட்டு. நாலசைச் சீர் பதினாறு. ஆகச் சீர்கள் முப்பது. முப்பது என்ற எண்ணை மனப்பாடம் செய்த மாணவர் பலர். அது ஏன் முப்பது என்று கேட்டவர் சிலரே. பக்கத்து வீட்டாரிடம் இம்முறை இரண்டு சீர் இரவல் வாங்குவோம். இரண்டும் இரண்டும் நான்கு, நான்கும் நான்கும் எட்டு, எட்டும் எட்டும் பதினாறு, பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு. இரவலைக் கழித்தால் முப்பது. ஓர் அசை கூடினால் வகை இரட்டிக்கிறது. அறுபத்து நான்கு அசை கொண்ட சீர் என்று ஒன்று இருக்குமானால் (இல்லை, எந்தப் புலவரும் அதைத் தாங்கமாட்டார்) அதன் வகைகள் 2⁶⁴. அரசன் கொடுக்க வேண்டிய தொகையைவிட ஒன்று கூடுதல்.

இப்படிப்பட்ட எண்ணைக் கணக்கிட அல்-பிரூனி குறுக்குவழியில் சென்றார். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கும் வர்க்க வழி அது. 2-இன் வர்க்கம் 4. 4-இன் வர்க்கம் 16. 16-இன் வர்க்கம் 256. 256-இன் வர்க்கம் 65,536. அதன் வர்க்கம் 4,294,967,296. அதன் வர்க்கம் 2⁶⁴. அறுபத்து நான்கு முறை இரட்டிப்பதற்குப் பதிலாக ஆறே பெருக்கல்கள். வடமொழி யாப்பு நூலாசிரியர் பிங்கலரும் செய்யுள் வகைகளை எண்ணுவதற்கு வர்க்கம் செய்யும் முறையையே வகுத்திருக்கிறார். ஆறு எண்கள் கொண்ட இந்தப் படிவரிசையை நினைவில் வைத்திருங்கள். சற்று நேரத்தில் மீண்டும் தேவைப்படும்.

அரசன் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதையும் சொல்லிவிட்டு மேலே செல்வோம். பழங்கணக்கில் 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு. அதன்படி ஒரு கலத்தில் 13,82,400 நெல். நம் எண்ணை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 13 இலட்சத்து 34 ஆயிரம் கோடி கலம் வரும். ஒரு நெல்மணிக்கு 25 மில்லிகிராம் என்று கொண்டால் 46,000 கோடி டன். இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் நெல் ஏறத்தாழ 80 கோடி டன். உலகமே ஒன்றும் உண்ணாமல் 550 ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தாலொழிய அரசன் கடன் தீராது.

இதே எண் இன்னொரு கதையிலும் வரும். பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார் லூக்கா 1883-இல் ஒரு விளையாட்டுப் பொருளை வெளியிட்டார். மூன்று கம்புகள், ஒன்றில் பெரியதன்மேல் சிறியதாக அடுக்கிய வட்டுகள். ஒரு நேரத்தில் ஒரு வட்டையே நகர்த்தலாம். சிறியதன்மேல் பெரியது அமரக்கூடாது. அடுக்கு முழுவதையும் வேறொரு கம்புக்கு மாற்ற வேண்டும். காசிக் கோயிலில் அறுபத்து நான்கு பொன் வட்டுகளை அந்தணர்கள் இடைவிடாது நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள் என்றும், அது முடியும் நாளில் உலகம் முடியும் என்றும் இவ்விளையாட்டுக்கு ஒரு கதையும் கட்டினார்கள். கதை பிரான்சில் பிறந்தது. காசிக்கு அதில் பங்கில்லை. கணக்கு மட்டும் மெய். அடிவட்டை நகர்த்த வேண்டுமானால் அதற்கு மேலுள்ள அனைத்தையும் ஒருமுறை அகற்ற வேண்டும், பின் அடிவட்டை ஒருமுறை நகர்த்த வேண்டும், பின் அனைத்தையும் மீண்டும் அதன்மேல் ஏற்ற வேண்டும். ஆகவே ஒரு வட்டு கூடினால் நகர்வுகள் இரட்டித்து, மேலும் ஒன்று கூடும்: 1, 3, 7, 15, 31 என்று. அறுபத்து நான்கு வட்டுக்கு நம் எண். நொடிக்கு ஒரு நகர்வு என்றால் ஏறத்தாழ 58,450 கோடி ஆண்டுகள். அண்டத்தின் இன்றைய வயது 1,380 கோடி ஆண்டு. அதைப்போல் நாற்பத்திரண்டு மடங்கு.

இனி எண்ணைப் பிளந்து பார்ப்போம். இருபது இலக்க எண்ணின் காரணிகளைக் காண்பது பொதுவாக எளிதன்று. நம் எண்ணுக்கோ ஓர் இரகசியக் கதவு இருக்கிறது. அது ஒரு வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. 99 என்பது 100-க்கு ஒன்று குறைவு; 100 என்பது 10-இன் வர்க்கம்; ஆகவே 99 = 9 × 11. அவ்வாறே 9,999 = 99 × 101. எந்த எண்ணின் வர்க்கத்திலிருந்தும் ஒன்றைக் கழித்தால், அவ்வெண்ணுக்கு ஒன்று குறைவும் ஒன்று கூடுதலும் காரணிகளாகும். இடைநிலைப்பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த வாய்பாடுதான்.

2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். ஆகவே நம் எண் = (2³² − 1) × (2³² + 1). முதற்காரணி மீண்டும் ஒரு வர்க்கத்துக்கு ஒன்று குறைவு, அதையும் பிளக்கலாம். இப்படியே வர்க்கப் படிகளில் இறங்கிக்கொண்டே வந்தால் இறுதியில் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297.

முன்னே கண்ட படிவரிசையின் ஒவ்வொரு எண்ணோடும், அதாவது 2, 4, 16, 256, 65,536, 4,294,967,296 ஆகியவற்றோடு, ஒன்று கூட்டியவையே இவை. கணித உலகில் இவற்றை ஃபெர்மா எண்கள் என்பர். இவற்றை வரிசையாகப் பெருக்கிப் பாருங்கள். 3-ஐயும் 5-ஐயும் பெருக்கினால் 15. அடுத்து வரும் 17-க்கு இரண்டு குறைவு. 15-ஐ 17-ஆல் பெருக்கினால் 255; அடுத்து வரும் 257-க்கு இரண்டு குறைவு. எங்கு நிறுத்தினாலும் இதே உறவு. இதனால் ஓர் உண்மை தெளிவாகிறது. முந்தைய ஃபெர்மா எண்ணின் காரணி எதுவும் பிந்தையதை வகுத்தால் மீதி 2 வரும். ஒற்றை எண்களாதலால் இவற்றுக்குள் பொதுக் காரணி இருக்க முடியாது.

இந்த ஆறு எண்களில்தான் இன்றைய உரையின் மையமான செய்தி உள்ளது. 3 பகா எண். 5 பகா எண். 17, 257, 65,537 ஆகியனவும் பகா எண்களே. ஐந்து எண்கள், ஐந்தும் பகா எண்கள். 1640-இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் டி ஃபெர்மா, இவ்வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று தாம் நம்புவதாக நண்பர்க்கு எழுதினார். அப்போது மெய்ப்பிப்பு தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் நம்பினார். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அக்கருத்து அப்படியே கிடந்தது. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற அறிஞர் தம் கடிதத்தின் பின்குறிப்பில், ஃபெர்மாவின் இக்கூற்றை அறிவீரா என்று இளைஞர் ஆய்லரைக் கேட்டார். 1732-இல் ஆய்லரின் விடை வெளிப்பட்டது: ஆறாவது எண்ணாகிய 4,294,967,297 பகா எண் அன்று, அது 641 × 6,700,417.

641 எப்படிக் கிடைத்தது? 2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. ஃபெர்மாவே கண்ட தேற்றம் ஒன்று உண்டு: 2-ஐத் தவிர்ந்த எந்தப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதற்கு ஒன்று குறைவான அடுக்கிற்கு 2-ஐ உயர்த்தி அப்பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. காட்டாக, 2⁶ = 64; 7-ஆல் வகுத்தால் மீதி 1. இப்போது 2³² + 1-ஐ மீதியின்றி வகுக்கும் பகா எண் ஒன்று இருக்கிறது எனக் கொள்வோம். அதன்படி 2³²-இன் மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. இரண்டின் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலில் வருவது அறுபத்து நான்காம் அடுக்கில்தான். ஆகவே அப்பகா எண்ணுக்கு ஒன்று குறைவானது 64-இன் மடங்காக இருந்தாக வேண்டும்.

எனவே ஐயத்திற்குரியவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகும் வரிசையில் உள்ளவை மட்டுமே. இவற்றில் 65, 129, 321, 385, 513 பகா எண்கள் அல்ல. 257 ஃபெர்மா எண். பொதுக் காரணி இராது என்று மேலே கண்டோம். எஞ்சுவன 193, 449, 577, 641. நான்காவது வகுத்தலில் மீதி பூச்சியம். இத்தேற்றத்தை ஃபெர்மா தெரிவித்ததும் அதே 1640ஆம் ஆண்டில்தான். கருவி அவர் மேசைமேல் இருந்தது.

ஆசிரியர்களுக்கு இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 'அடுத்து வரும் எண் யாது' என்ற வினாவைத் தேர்வுத்தாள்களில் ஓயாமல் கேட்கிறோம். மூன்று நான்கு எண்களைக் காட்டி, ஐந்தாவதை ஊகித்தவர்க்கு முழு மதிப்பெண் தருகிறோம். ஊகம் வேண்டும், ஊகமின்றிக் கணிதமே இல்லை. ஆனால் ஊகித்ததைச் சோதிக்கும்படி நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? ஐந்து எண்கள் ஒத்துவந்து ஆறாவது கைவிட்ட வரிசை இது. அதை நம்பியவரோ தம் நூற்றாண்டின் தலைசிறந்த எண்ணியல் அறிஞர். இன்றுவரை அந்த ஐந்துக்குப் பிறகு இவ்வரிசையில் ஒரு பகா எண் கூடக் கிடைத்ததில்லை. 4,294,967,297 தொடங்கி அடுத்தடுத்த இருபத்தெட்டு எண்களும் பகு எண்கள் என்று உறுதிப்பட்டுள்ளன. இனி ஒன்று கிடைக்குமா, கிடைக்கவே கிடைக்காதா என்பதை மெய்ப்பித்தவர் எவரும் இலர்.

641 வகுக்கிறது என்பதை வகுத்துப் பார்க்காமலே காட்டும் வழியும் உண்டு. கரும்பலகையில் நான்கு வரி போதும். 641 = 640 + 1; 640 = 5 × 2⁷. மேலும் 641 = 625 + 16 = 5⁴ + 2⁴. முதல் வரியின்படி, 5 × 2⁷ என்பதை 641-ஆல் வகுத்தால் மீதி −1. அதை நான்காம் அடுக்கிற்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாம் வரியின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று எழுதலாம். எழுதினால் −2³²-இன் மீதி 1 ஆகிறது. அதாவது 2³² + 1-இன் மீதி பூச்சியம். 641-ஐ இருவகையாகப் பிரித்து எழுதியதுதான் இதில் உள்ள வேலை முழுவதும். பேரெண் எதையும் தொடவேயில்லை. மாணவர்கள் இதைத் தாமே ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். கேட்டுப் புரிந்துகொள்வதும் எழுதிப் புரிந்துகொள்வதும் வேறு.

இப்போது நம் எண்ணின் முழுப் பிளவு:

3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417.

ஏழு பகாக் காரணிகள். ஒவ்வொன்றும் ஒரே முறை. ஆதலால் இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 128. இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 87 வரும். 87-ஐ 3 வகுக்கும், 9 வகுக்காது. 3 ஒரே முறைதான் வருகிறது என்பதற்கு அதுவே சான்று.

இக்காரணிகளுக்கு வடிவியலிலும் ஒரு வாழ்வு உண்டு. அளவுகோடிடாத கோலும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்கான முக்கோணம் வரையலாம், ஐங்கோணம் வரையலாம் என்பது கிரேக்கர் அறிந்தது. பக்க எண்ணிக்கை பகா எண்ணாக உள்ள வேறெதையும் ஈராயிரம் ஆண்டுகளாக எவரும் வரையவில்லை. 1796-இல், பத்தொன்பது வயது நிரம்பாத காஸ் என்ற இளைஞர், பதினேழு பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தை வரைய இயலும் என்று காட்டினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாயின், அது ஃபெர்மா வரிசையில் வரும் பகா எண்ணாகவோ, அத்தகைய வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலனாகவோ இருந்தால் வரையலாம். வேறெதையும் வரைய இயலாது என்பதை 1837-இல் வான்ட்செல் மெய்ப்பித்தார். 65,537 பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வரையும் முறையை ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டு உழைத்து 1894-இல் முடித்தார். அக்கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. பயன் என்ன என்று கேட்பவர்க்கு நம்மிடம் விடை இல்லை. அவருடைய பொறுமையை மட்டும் போற்றுவோம்.

அறிந்த ஐந்து ஃபெர்மாப் பகா எண்களையும் பெருக்கினால் 4,294,967,295. இது நம் எண்ணின் முதற்பாதி, 2³² − 1. ஒற்றைப்படைப் பக்கங்களைக் கொண்டு வரைய இயலும் என்று நாம் அறிந்த பலகோணங்களில் இதுவே மிகப் பெரிது. நிலநடுக்கோட்டையே வட்டமாகக் கொண்டு அதனுள் இதை வரைந்தால் ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் நம் எண்ணின் அளவுக்குப் பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வரையவே இயலாது. 17-இல் ஒன்று குறைத்தால் 16. 257-இல் குறைத்தால் 256. இரண்டும் இரண்டின் அடுக்குகள். 641-இல் குறைத்தால் 640. அதனுள் ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது. ஃபெர்மாவின் ஊகத்தைக் கவிழ்த்த 641 இங்கேயும் வழிமறிக்கிறது.

பாஸ்கல் முக்கோணத்தை அறிந்த மாணவர்களுக்கு ஒரு வேலை. முக்கோணத்தின் ஒவ்வொரு வரியிலும் ஒற்றை எண் இருக்குமிடத்தில் 1, இரட்டை எண் இருக்குமிடத்தில் 0 என்று எழுதுங்கள். அவ்வரியை இரண்டை அடியாகக் கொண்ட இரும எண்ணாகப் படியுங்கள். வரிதோறும் கிடைப்பவை 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று தொடரும். ஃபெர்மா எண்களும் அவற்றின் பெருக்கற்பலன்களும் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். அறுபத்து நான்காம் வரியில் எல்லாமே ஒற்றை எண்கள். அறுபத்து நான்கு ஒன்றுகள். அதுதான் நம் எண்.

அறுபத்து நான்கு ஒன்றுகள் என்றதும் கணினி பயில்வோர்க்கு நினைவு வந்திருக்கும். இன்றைய கணினிகள் ஒரு முழு எண்ணுக்குப் பெரும்பாலும் அறுபத்து நான்கு இரும இலக்கங்களை ஒதுக்குகின்றன. குறை எண்கள் வேண்டா என்றால், அவ்விடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இதுவே. இதனோடு ஒன்று கூட்டினால் அறுபத்து நான்கு இடங்களும் பூச்சியமாகிவிடும்; பக்கத்து வீட்டாரின் இரவல் மணியைக் கணினியால் ஏற்க முடிவதில்லை. முன்பு பல இடங்களில் முப்பத்திரண்டு இலக்கங்களே இருந்தன. அவற்றுள் ஒன்று குறியை உணர்த்தப் போக, எஞ்சிய உச்ச எண் 2,147,483,647. 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' என்ற கொரியப் பாடலைப் பார்த்தோர் எண்ணிக்கை இவ்வெல்லையைத் தாண்டியபோது, யூடியூப் தன் எண்ணியை அறுபத்து நான்கு இலக்கத்துக்கு விரித்தது. அந்த 2,147,483,647 ஒரு பகா எண்; அதை 1772-இல் மெய்ப்பித்தவரும் ஆய்லரே.

சதுரங்கத்திற்கே திரும்புவோம். சதுரங்கம் ஆடும் மென்பொருள்கள் பலவற்றில் பலகை ஓர் எண்ணாகவே வைக்கப்படுகிறது. கட்டத்திற்கு ஓர் இரும இலக்கம்: காய் இருந்தால் 1, இல்லையேல் 0. பலகைக்கு அறுபத்து நான்கு கட்டங்கள். கணினியின் எண்ணுக்கும் அறுபத்து நான்கு இலக்கங்கள். வெள்ளையரின் முதல் வரிசைக் காய்கள் எட்டும் சேர்ந்து 255. தூணிக்கு ஓர் ஆழாக்குக் குறைவு என்று சற்றுமுன் கண்ட அதே எண். காலாள்களையும் சேர்த்தால் 65,535, அதாவது 3 × 5 × 17 × 257. ஆட்டம் தொடங்குமுன் வெள்ளையர் படை முழுவதும் இவ்வெண்ணாகவே கணினியில் நிற்கிறது. கட்டம் ஒன்றுகூட எஞ்சாமல் பலகை முழுவதும் காய்களால் நிரம்பினால், மென்பொருள் அதைக் குறிக்கும் எண் 18,446,744,073,709,551,615.